யுத்தம் வந்தால் ரோட்டால் வந்துவிட முடியுமா?
வெளிநாட்டில் பிள்ளை உள்ள குடும்பங்கள் அறிய வேண்டியவை



2024 செப்டம்பர் கடைசி வாரம். அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். மேல் டிவிஷன் அம்மா ஒருவர் வீட்டுக்கும் போகாமல், கூடையையும் இறக்காமல் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் போன். அவருடைய மகள் லெபனானின் தெற்கே சூர் என்ற நகரத்துப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த மாதம் 23ஆம் திகதி இஸ்ரேல் விமானங்கள் தென் லெபனான் முழுக்கக் குண்டு போட்டன. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அன்று மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலை எனக்குப் போட்டுக் காட்டினார். "அம்மா, இவங்க எல்லாம் வண்டியில ஏறிட்டாங்க, என்னையும் ஏறச் சொல்றாங்க, எங்க போறோம்னு தெரியல" என்று மட்டும் இருந்தது. அதன் பிறகு இரண்டு நாளாகப் பேச்சில்லை.

அந்த அம்மா அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "ஐயா, பிளேன் இல்லாட்டி ரோட்டால வந்துற முடியாதுங்களா? பக்கத்து நாட்டுக்குப் போயி அங்கேருந்து ஏறி வரலாம்ல?"

கேள்வி நியாயமான கேள்வி. என்னிடம்தான் பதில் இல்லை. கொழும்புக்குப் போன் போட்டேன், தெரிந்தவர்களைக் கேட்டேன், மத்திய கிழக்கிலிருந்து திரும்பி வந்த நம் அக்காமார் சிலரோடு உட்கார்ந்து பேசினேன். அப்படிச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் தோட்டங்களில் குவைத், லெபனான், ஜோர்தான், சவூதி என்று ஒருவராவது போகாத லயம் குறைவு. அதனால் இது எல்லா வீட்டுக்கும் உள்ள விஷயம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். யுத்தம் நடக்கும் நாட்டில் அந்த ஊர்க்காரர் ஓடுவது ஒரு மாதிரி, வெளிநாட்டுக்காரர் ஓடுவது வேறு மாதிரி. ஊர்க்காரர் பக்கத்து மாவட்டத்தில் உள்ள மாமன் வீட்டுக்குப் போகலாம். நம் பிள்ளைக்கு அங்கே மாமன் வீடு கிடையாது, எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த எல்லையில் இருப்பது ஒரு கதவு அல்ல, இரண்டு கதவு. முதல் கதவில் யுத்தம் நடக்கும் நாடு "நீ போகலாம்" என்று முத்திரை குத்த வேண்டும். இரண்டாம் கதவில் பக்கத்து நாடு "நீ உள்ளே வரலாம்" என்று விட வேண்டும். முதல் கதவு திறந்து இரண்டாவது மூடியிருந்தால் நடுவில் நிற்க வேண்டியதுதான். அப்படி நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் இராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. அப்போது குவைத்தில் சுமார் ஒரு லட்சம் இலங்கையர் இருந்தார்கள். பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்கள். விமான நிலையம் மூடிவிட்டது. வேலை கொடுத்த குடும்பங்கள் பல சவூதிப் பக்கம் காரில் போய்விட்டன. அடைத்த வீட்டில் நம் பிள்ளைகள் நின்றார்கள். மிஞ்சிய வழி, வந்த இராணுவத்தின் நாடான ஈராக்குக்குள்ளேயே போய், பஸ்ரா, பக்தாத் தாண்டி, பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் எல்லைக்குப் போவது. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஹற்றனிலிருந்து கொழும்புக்கு நாலு தரம் போய் வந்தால் எவ்வளவோ, அவ்வளவு தூரம்.

எங்கள் கீழ் டிவிஷனில் அந்தப் பாதையில் வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். நான் அப்போது சின்னப் பையன். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். "எஜமான் வீட்டுக்காரங்க போனப்ப என் பாஸ்போட் அவங்க பெட்டியிலதான் இருந்துச்சு. நான் கேட்டு வாங்குனேன். கேக்காம விட்டிருந்தா அதையும் கொண்டுக்கிட்டே போயிருப்பாங்க. எங்க கட்டடத்துல மூணு வீட்டுல சிலோன் புள்ளைங்க இருந்தோம். ஒண்ணா சேந்துதான் பஸ் ஏறுனோம்." பஸ்ஸில் பக்தாத் வரை ஒரு கட்டம், அங்கிருந்து எல்லை வரை இன்னொரு கட்டம். ஈராக் எல்லைச் சாவடியில் வெளியே விட்டார்கள். ஆனால் ஜோர்தானுக்குள் உடனே போக முடியவில்லை.

ஈராக் பக்கத்துச் சாவடி திரேபில், ஜோர்தான் பக்கத்துச் சாவடி ருவைஷித். இரண்டுக்கும் இடையில் பல மைல் வெறும் பாலைவனம். பல நாடுகளின் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் வந்து குவிந்ததால் ஜோர்தானால் தாங்க முடியவில்லை. ஆகஸ்ட் பிற்பகுதியில் சிறிது நாள் எல்லையை மூடவும் செய்தார்கள். இடையில் அகப்பட்டவர்களுக்குக் கூடாரம் போட்டு, பவுசரில் தண்ணீர் கொடுத்தார்கள். பகலில் நெருப்பு வெயில், இரவில் குளிர், தேள். அந்த அக்கா அங்கே பதினோரு நாள் இருந்தார். தண்ணீர் வரிசையில் சண்டை நடக்குமாம். நம் பிள்ளைகள் ஐந்து பேர் முறை போட்டு, இரண்டு பேர் வரிசையில், மூன்று பேர் சாமான் காவல் என்று சமாளித்திருக்கிறார்கள். பிறகு அம்மானுக்குக் கொண்டு போய், அங்கிருந்து புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பும் அரசாங்கங்களும் ஒழுங்கு செய்த விமானங்களில் ஏற்றினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அந்த யுத்தத்துக்குப் பிறகு 1991இல் ஐக்கிய நாடுகள் சபை ஒரு நட்டஈட்டு ஆணைக்குழுவை அமைத்தது. 1990 ஆகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு ஓடி வந்த தனி ஆளுக்கு 2,500 டொலர். வேறு வகையில் கோரிக்கை போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டால் 4,000 டொலர். குடும்பமாக வந்திருந்தால் அதன் இரண்டு மடங்கு. இதற்குக் கேட்ட அத்தாட்சி பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கிருந்து வெளியேறியதையும் எந்தத் திகதியில் என்பதையும் காட்டும் சாதாரண காகிதம் போதும். அந்த அக்கா பாஸ்போட்டை மாத்திரமல்ல, கூடார முகாமில் கொடுத்த துண்டைக்கூட துணியில் சுற்றி வைத்திருந்தார். காசு வந்தது. லயத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்துக் கட்டினார். அவரோடு வந்த இன்னொரு பெண் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் அலைந்தாள்.

காகிதம் இல்லாதவன் படும் பாடு நம் ஆட்களுக்குப் புதிதல்ல. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை இந்த மண்ணில் பிறந்தும் பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாமல் இருந்தவர்கள் நம் பெற்றோர்களில் எத்தனை பேர். அடையாள அட்டை இல்லாமல் கொழும்புக்குப் போய்ச் செக்பொயின்றில் மாட்டியவர்களும் உண்டு. அதே பாடுதான் வெளிநாட்டு எல்லையிலும். அங்கே பாஷையும் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

லெபனானுக்கு வருவோம். 2006 ஜூலை 12இல் அங்கே யுத்தம் தொடங்கியது. மறுநாளே பெய்ரூட் விமான நிலையத்தின் ஓடுபாதையில் குண்டு விழுந்தது. அப்போது அங்கே சுமார் 80,000 இலங்கையர் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். லெபனானுக்குத் தரை வழியில் இரண்டே அயல் நாடுகள். ஒன்று இஸ்ரேல், அந்த எல்லை மூடிய எல்லை. மற்றது சிரியா. ஆகவே சிரியாவின் தலைநகர் டமஸ்கஸ் போய், அங்கிருந்து விமானம் ஏறுவதுதான் வழி. பெய்ரூட்டிலிருந்து டமஸ்கஸ் போகும் பெரிய ரோட்டிலும் பாலங்களிலும் குண்டு போட்டதால், பஸ்கள் வடக்கே திரிப்போலி வழியாகச் சுற்றிப் போக வேண்டியும் வந்தது.

அங்கே நம் பெண்களுக்கு ரோட்டை விடப் பெரிய தடை வேறு. அந்த நாடுகளில் பணிப்பெண்ணுடைய இருப்பு அவளை எடுத்த வீட்டுக்காரர் பெயரில் கட்டப்பட்டிருக்கிறது. பாஸ்போட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாகிப் போனது. வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று அவர் பொலிசில் ஒரு முறைப்பாடு போட்டால் எல்லைக் கம்பியூட்டரில் அவள் பெயர் நிற்கும். இக்காமா, அதாவது தங்கும் அனுமதி, முடிந்திருந்தால் தண்டப்பணம் கேட்பார்கள். குண்டு விழும் நேரத்தில்கூட இந்தக் கணக்கைத் தீர்த்துத்தான் வெளியே விடுவது என்று சில அதிகாரிகள் நிற்பார்கள். பணிப்பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் குடும்பம் ஓடிய சம்பவங்கள் 2006இலும் நடந்தன, 2024இலும் நடந்தன.

அதனால்தான் தனியாக டாக்சி பிடித்து எல்லைக்கு ஓடுவதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். முதலில் இலங்கைத் தூதுவராலயம். அங்கே பெயர் பதிவாக வேண்டும். பாஸ்போட் இல்லாதவருக்கு நாடு திரும்ப மட்டும் செல்லும் தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுப்பவர்கள் அவர்கள். முறைப்பாடு, தண்டம் போன்ற சிக்கலை அந்த நாட்டு அதிகாரிகளோடு பேசித் தீர்க்கக்கூடியவர்களும் அவர்கள்தான். எல்லாவற்றையும் விட முக்கியம், பக்கத்து நாட்டுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவது. "இன்ன பஸ்ஸில் இன்னின்னார் வருகிறார்கள், எங்கள் செலவில் ஏற்றி அனுப்புவோம்" என்று ஒரு அரசாங்கம் எழுதிக் கொடுத்தால் இரண்டாம் கதவு இலேசாகத் திறக்கும். தனியாகப் போய் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது திறக்குமா என்பது அன்றைய அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. லெபனானில் கரித்தாஸ் போன்ற தொண்டு நிறுவனங்களும் 2006இல் நம் பெண்களுக்குத் தங்குமிடம் கொடுத்துப் பத்திரங்களுக்கு உதவின.

நம் நாட்டுத் தூதுவராலயம் இல்லாத இடத்தில் அகப்பட்டாலும் வழி அடைபட்டுப் போகாது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் அடித்துக்கொண்டபோது இரு நாட்டிலும் விமானப் போக்குவரத்து நின்றது. இஸ்ரேலிலிருந்து வெளிநாட்டவர் ஜோர்தானுக்கும் எகிப்துக்கும் ரோட்டால் போனார்கள். ஈரானிலிருந்து ஆர்மீனியா போன்ற அயல் நாடுகளுக்குப் போனார்கள். அந்த நேரம் ஈரானில் இருந்த தன் ஆட்களை எடுத்த இந்தியா, கேட்டுக்கொண்டதன் பேரில் நேபாளக்காரரையும் இலங்கையரையும் சேர்த்து எடுப்பதாக அறிவித்தது. ஆகவே இந்தியத் தூதுவராலயமோ வேறு நாட்டவர் பஸ்ஸோ கண்ணில் பட்டால் "நான் ஸ்ரீலங்கா" என்று சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ரோட்டால் வருவதுதான் எப்போதும் நல்லது என்றும் நினைக்கக் கூடாது. 2024இல் பெய்ரூட் விமான நிலையம் மூடவில்லை. சுற்றிக் குண்டு விழுந்தபோதும் அந்நாட்டு விமானக் கம்பனி பறந்துகொண்டிருந்தது. மாறாக, அக்டோபர் 4ஆம் திகதி சிரியா போகும் மஸ்னா எல்லைக்குப் பக்கத்தில் குண்டு போட்டு ரோட்டில் பெரிய குழி விழுந்தது. சனங்கள் வண்டியை விட்டு இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து, குழியைச் சுற்றி நடந்து போனதைப் படங்களில் பார்த்தோம். 2006இல் சரியாக இருந்த பாதை 2024இல் சரியில்லை. அடுத்த முறை எப்படி இருக்குமோ. அதனால் பழைய ஆட்கள் சொல்லும் பாதையை நம்பிப் புறப்படாமல், அன்றன்று எந்த எல்லை திறந்திருக்கிறது என்று கேட்டுத்தான் புறப்பட வேண்டும். சில நாள் அசையாமல் உறுதியான கட்டடத்தின் கீழ்த்தட்டில் இருப்பதே சரியாகவும் இருக்கும்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்த பிறகு, கூப்பியான்ஸ்க் என்ற இடத்தில் ஏழு இலங்கையர் அகப்பட்டார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ரஷ்யர் பிடித்த பகுதியிலிருந்து உக்ரேன் கையில் இருந்த கார்கிவ் நகருக்கு, சுமார் 120 கிலோமீற்றர், நடந்தே போய்விடலாம் என்று புறப்பட்டார்கள். முதல் சோதனைச் சாவடியிலேயே ரஷ்யப் படையினர் பிடித்துக் கண்ணைக் கட்டிக் கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் ஒரு தொழிற்சாலையில் அடைத்து வைத்துச் சித்திரவதை செய்திருக்கிறார்கள். செப்டம்பரில் உக்ரேன் படை அந்த இடத்தைத் திரும்பப் பிடித்த பிறகுதான் வெளியே வந்தார்கள். அவர்கள் தாண்டப் பார்த்தது நாட்டு எல்லையை அல்ல, சண்டைக் கோட்டை. நாட்டு எல்லையில் முத்திரை குத்தும் அதிகாரி இருப்பான். சண்டைக் கோட்டில் துவக்கோடு பயந்துபோன பையன்கள்தான் இருப்பார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவால் நடந்து போகவே கூடாது. அப்படி ஒரு இடத்தில் அகப்பட்டால் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவர்கள் ஒழுங்கு செய்யும் பயணம் வரும் வரை பொறுத்திருப்பது மேல்.

புறப்படும் நாள் வந்துவிட்டால் கவனிக்க வேண்டியவற்றை, வந்தவர்கள் சொன்னபடி சொல்கிறேன். பகலில்தான் போக வேண்டும். தனியே போகக் கூடாது, பெண்கள் கூட்டமாக ஒரே வண்டியில் போக வேண்டும். பாஸ்போட்டைப் பெட்டியில் வைக்காமல் உடம்போடு வைக்க வேண்டும். அதன் போட்டோப் பிரதி ஒன்று வேறு இடத்தில். காசை ஒரே இடத்தில் வைக்காமல் சின்ன நோட்டுகளாகப் பிரித்து வைப்பது நல்லது. குவைத் பிரச்சினையில் ஈராக் தன் தினாரும் குவைத் தினாரும் சமம் என்று அறிவித்தது. பிறகு குவைத் நோட்டே செல்லாது என்றது. வருஷக்கணக்கில் சேர்த்த தினார் வெறும் கடதாசி. கொஞ்சமாவது டொலர் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஆகப் பெரிய பெட்டி வேண்டாம், நடக்க வேண்டி வந்தால் தூக்க முடிகிற அளவு போதும். தண்ணீர், பிஸ்கட், குடிக்கும் மருந்து மாத்திரை, பெண்களுக்கான துணி, நல்ல சப்பாத்து. ரப்பர் செருப்போடு பாலைவனத்தில் நடந்தவர் காலை அந்த அக்கா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

வழியில் இறங்கி ஒதுங்க வேண்டி வந்தாலும் தார் ரோட்டை விட்டுப் புல்லுக்குள் போகக் கூடாது. 2006 யுத்தம் முடிந்த பிறகும் தென் லெபனானில் வெடிக்காத சிறு குண்டுகள் வயல்களிலும் தோட்டங்களிலும் கிடந்து ஆட்களைக் கொன்றன. பார்ப்பதற்கு டின் மாதிரி, பற்றரி மாதிரி இருக்கும். சாவடியில் படம் எடுக்கக் கூடாது. போனில் இராணுவப் படம், குண்டு விழும் வீடியோ இருந்தால் முன்கூட்டியே அழித்துவிட வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். அடுத்தவர் பையை "கொஞ்சம் பிடிங்க" என்றாலும் பிடிக்கக் கூடாது. காகிதம் இல்லாமல் குறுக்கு வழியில் எல்லை தாண்ட வைக்கிறேன் என்று காசு கேட்பவன் பின்னால் போகவே கூடாது. அப்படிப் போனவள் பக்கத்து நாட்டில் மறியலில் இருக்க வேண்டி வரும். வேறு எங்காவது விற்றுவிடவும் கூடும்.

அங்கே பிள்ளை பெற்ற பெண்கள் சிலரும் இருக்கிறார்கள். இதைப் பேச வீட்டார் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தை விட்டுவிட வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்குப் பயணப் பத்திரம் எடுப்பது நாள் பிடிக்கும் வேலை. தாய்க்கு வழி திறந்தாலும் பிள்ளைக்குத் திறக்காது. சமாதான காலத்திலேயே தூதுவராலயத்தில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இனி வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது. அன்று அந்த அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்போட் நம்பர் இருக்கா?" இல்லை. வீட்டுக்காரர் பெயர்? "மேடம்னுதான் சொல்லுவா." எந்தத் தெரு? தெரியாது. எந்த ஏஜென்சி? "கூட்டிக்கிட்டுப் போனவரு வீட்டுக்கு வந்தாரு, இப்ப அவரு போன் வேலை செய்யல." இந்த நிலையில் கொழும்பில் யாரிடம் போய் என்ன சொல்லித் தேடுவது? கடைசியில் மகள் முன்பு காசு அனுப்பிய ரசீது ஒன்று தகரப் பெட்டியில் கிடந்தது. அதில் அவளுடைய பாஸ்போட் நம்பர் இருந்தது. அதைப் பிடித்துத்தான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பேசினோம். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தோம்.

பணியகத்தில் பதிந்து போனவருடைய விபரம் அவர்கள் புத்தகத்தில் இருக்கும், காப்புறுதியும் உண்டு. விசிட் விசாவில் அனுப்பப்பட்டவள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சப் ஏஜென்ட் "பதிவெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றால் அவன் மிச்சம் பிடிப்பது உங்கள் பிள்ளையின் பாதுகாப்பைத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பேசும்போது அழுது நேரத்தைப் போக்காதீர்கள். பற்றரி முடிந்துவிடும். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், பாஸ்போட் யார் கையில் என்று இந்த மூன்றையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் இடத்தை அனுப்பும் வசதி உண்டு, படித்த பிள்ளைகளிடம் கேட்டால் காட்டுவார்கள். "உங்கள் மகளை எல்லை தாண்ட வைக்க ஐம்பதாயிரம் போடுங்கள்" என்று தெரியாத நம்பரிலிருந்து வந்தால் ஒரு சதம்கூட போடாதீர்கள்.

சம்பளப் பாக்கி பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கிக்காகவே வராமல் நின்றவர்கள் பலர். கடன் பட்டு அனுப்பிய வீட்டில் "வா" என்று சொல்ல வாய் வராது, எனக்கும் தெரியும். பாக்கி எத்தனை மாதம், எவ்வளவு என்று எழுதி, போனில் படம் பிடித்து வீட்டுக்கும் தூதுவராலயத்துக்கும் அனுப்பிவிட்டு வரச் சொல்லுங்கள். குவைத் நட்டஈடு போல எல்லா முறையும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதி வைக்காதவருக்குக் கேட்கவே வழி இருக்காது.

மேல் டிவிஷன் அம்மாவின் மகள் மூன்றாம் நாள் பேசினாள். குடும்பம் அவளைப் பெய்ரூட் வரை கொண்டு வந்து, சொந்தக்காரர் வீட்டில் இடமில்லை என்று இறக்கிவிட்டிருந்தது. வேறு நாட்டுப் பணிப்பெண்களோடு ஒரு தங்குமிடத்தில் இருந்தாள். பாஸ்போட் வீட்டுக்காரரிடம். ரோட்டால் போகலாமா என்று அவளும் கேட்டாள். வேண்டாம், தூதுவராலயத்தில் பெயர் கொடு என்றோம். தற்காலிகப் பத்திரத்தில், விமானத்தில், தீபாவளி கழிந்துதான் வந்து சேர்ந்தாள். ஏழு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

என் ஆபீசில் இப்போது ஒரு கொப்பி போட்டிருக்கிறேன். வெளிநாட்டில் உள்ளவர் பெயர், பாஸ்போட் நம்பர், வீட்டுக்காரர் பெயர், விலாசம், ஏஜென்சி என்று ஐந்து கட்டம். மூன்று டிவிஷனிலும் இதுவரை நாற்பத்தொரு பெயர் பதிந்திருக்கிறது. ஐந்து கட்டமும் நிரம்பியவை பதினாறு மட்டும். மற்றவர்கள் இருக்கிற காகிதம் எதுவானாலும், காசு அனுப்பிய ரசீதானாலும், சம்பள நாளன்று எடுத்து வாருங்கள். பிரதி எடுத்து உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன்.

- தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்